நோயுற்ற சிறுவரும் மனவிழிப்பும்
(சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சு)



வைத்தியசாலையில் ஊசியைக் கண்டு வீரிடும் பிள்ளைக்கு நாம் கூறும் புத்திமதி ஒன்றுதான்: "அழாதே, பயப்படாதே!" சிறு பிராயத்தில் நாமும் அதைக் கேட்டவர்களே. அழுகையை அடக்கினோம், அச்சமோ உள்ளேயே இருந்தது.

இக்கணத்தில் உடலிலும் உள்ளத்திலும் நிகழ்வதை வெறுப்பின்றிக் கவனித்தலே மனவிழிப்பு. பாளி மொழியில் 'சதி' எனப்படும் இதனை, முன்னர் இலங்கையில் அரசாங்க உத்தியோகம் பார்த்த றைஸ் டேவிட்ஸ் 1881இல் 'மைண்ட்ஃபுல்னெஸ்' என ஆங்கிலப்படுத்தினார். 1979இல் அமெரிக்காவில், மசாச்சுசெட்ஸ் பல்கலைக்கழக வைத்தியக் கல்லூரியில், ஜோன் கபாட்-சின் என்பார் இதை நோயாளருக்குப் பயிற்றத் தொடங்கினார். அது வளர்ந்தோருக்கான 8 வாரப் பயிற்சி. பிள்ளைகளுக்கு அதை அப்படியே கொடுத்தல் ஆகாது.

பின் எவ்வாறு கொடுப்பது? முதலில் வைத்தியரும் தாதியரும் தாமே பயிலல் வேண்டும். தாம் பதறிக்கொண்டு "அமைதியாயிரு" என்றால் எந்தப் பிள்ளை நம்பும்? 5 வயதுப் பிள்ளையைப் படுக்கவைத்து, வயிற்றின்மேல் ஒரு பொம்மையை வைக்கலாம். மூச்சோடு அது ஏறி இறங்குவதைப் பிள்ளை பார்க்கட்டும். சிறு மணியொன்றை அடித்து, ஒலி தேய்ந்து மறைந்ததும் கையை உயர்த்தச் சொல்லலாம். ஓரிரு நிமிடம் போதும்.

15 வயதினருக்குப் பொம்மை பொருந்தாது. காரணத்தை விளக்கி, "தம்பி, செய்து பார்க்க விருப்பமா?" என்று கேட்க வேண்டும். கண்ணை மூட அஞ்சுவோர் திறந்தபடியே, பாதம் நிலத்திற் படிவதைக் கவனிக்கலாம். மனம் அலைந்தாற் குற்றமில்லை. அலைந்ததை அறிதலே பயிற்சி.

விருப்பத்தை ஏன் கேட்க வேண்டும்? மிஷன் கல்லூரியிலே காலை ஜெபத்தின்போது நாம் கண்ணை மூடியே நின்றோம். உள்ளமோ விளையாட்டு மைதானத்தில் நின்றது! கட்டளைக்குக் கண் மூடும், உள்ளம் அடங்காது. 2022இல் வெளியான பிரித்தானிய ஆய்வொன்றும் இதைச் சிந்திக்க வைக்கிறது. 8,000க்கு மேற்பட்ட மாணவர் அதிற் பங்குபற்றினர். வகுப்பு முழுவதற்கும் மனவிழிப்பைப் பாடமாகப் புகட்டியதால், வழக்கமான கல்வியைவிட மேலான பயன் காணப்படவில்லை. வீட்டிற் பயின்றவர்களும் மிகச் சிலரே.

ஆகவே, இது மருந்துக்கு மாற்றன்று, துணையே. பயிற்சியாற் கலக்கம் கூடினால் உடனே நிறுத்த வேண்டும். சமயப் போதனையாகவும் இது ஆகக்கூடாது. ஒரே வார்ட்டில் இந்துப் பிள்ளையும், பௌத்தப் பிள்ளையும், கிறிஸ்தவப் பிள்ளையும், முஸ்லிம் பிள்ளையும் அருகருகே படுத்திருப்பர். மூச்சு எல்லார்க்கும் பொது.

அன்பர்களே! நம்மிற் சிலர் நாளை வைத்தியராவோம், பலர் பெற்றோராவோம். அன்று "அழாதே" என்று அதட்டாமல், பிள்ளையின் அருகில் அமர்ந்து, "வா, இருவரும் மூச்சைக் கவனிப்போம்" என்று சொல்வோமாக.