விரைந்து சுடுவோர்க்கு ஏற்ற விசை



துப்பாக்கி சுடும் போட்டியைப் பற்றிப் பேசுவோர் குழலின் நேர்த்தியையும், குறிபார்க்கும் கருவியின் நுட்பத்தையும் வியந்து பேசுவர். ஆனால் சுடுபவரின் மனமும் அவர் கையிலுள்ள கருவியும் சந்திக்கின்ற இடம் ஒன்றே. அது ஆள்காட்டி விரலின் நுனி படுகின்ற விசை. டிரிக்கர் என்று பலரும் சொல்லுவது. பத்துபஸ்தியிலும் அதனைச் சூழ்ந்த தென் அந்தமான் ஊர்களிலும் தேசிய மாணவர் படையிற் பயிலும் இளைஞர்களையும், இலக்குச் சுடுதலை விளையாட்டாகக் கற்க விரும்பும் மற்றவர்களையும் மனத்திற்கொண்டு, விரைந்து சுடும் போட்டிக்கும் பயிற்சிக்கும் எத்தகைய ரைபிள் விசை ஏற்றது என்பதை ஆராய்வோம்.

இத்துறையில் புதிதாகப் புகுவோரிடம் ஓர் எண்ணம் பரவலாகக் காணப்படுகிறது. விசை எவ்வளவு இலேசாக இருக்கிறதோ அவ்வளவு விரைவாகவும் செம்மையாகவும் சுடலாம் என்பதே அது. அவ்வெண்ணத்தில் பாதி உண்மை உண்டு. மற்றப் பாதியை அறியாதவர் பொருளை இழப்பர்; சில வேளைகளில் உயிருக்கே ஊறு தேடிக்கொள்வர்.

முதலில் விசை செய்யும் வேலையைப் பார்ப்போம். போட்டிகளில் பெரிதும் வழங்கும் போல்ட் ரைபிளை எடுத்துக்கொள்வோம். சுடுவதற்கு ஆயத்தமான நிலையில், வலிய சுருள்வில் ஒன்று அழுத்தப்பட்டு, அடியூசி பின்னிழுக்கப்பட்டு நிற்கிறது. அது முன்னே பாயாமல் தடுத்து நிறுத்துவது சிறியதோர் எஃகுக் கொக்கி. விசையை இழுக்கும்போது அக்கொக்கியின் விளிம்பு நழுவுகிறது. அடியூசி பாய்ந்து தோட்டாவின் அடியைத் தாக்குகிறது. கொக்கியின் பிடி ஆழமாயின் விரல் நெடுந்தூரம் இழுக்க நேரும். பிடி மிகக் குறைந்தாலோ, துப்பாக்கி தரையில் தட்டிய அதிர்ச்சியிலேயே அது நழுவிவிடக்கூடும். நல்ல விசை என்பது இவ்விரண்டு எல்லைகளுக்கும் நடுவே அமைவது.

கடினமான விசை ஏன் குறியைக் கெடுக்கிறது? ஒரு மீட்டர் நீளமுள்ள துப்பாக்கியின் முனை ஒரே ஒரு மில்லிமீட்டர் விலகினாலும், 50 மீட்டர் தொலைவில் குண்டு 5 சென்டிமீட்டர் தள்ளிப் படும். அத்தொலைவில் நடைபெறும் ரைபிள் போட்டியிலோ பத்து மதிப்பெண் வட்டத்தின் விட்டம் 10.4 மில்லிமீட்டரே. விரலை வலிந்து இழுக்கும்போது உள்ளங்கையும் சேர்ந்து இறுகுகிறது, முனை அசைகிறது. இலேசான விசையை நாடுவோரின் கருத்தில் உள்ள உண்மை இதுவே.

ஆகவேதான் நிதானமாகச் சுடும் போட்டிகளில் மிக இலேசான விசையை அனுமதிக்கின்றனர். 10 மீட்டர் காற்று ரைபிள் போட்டிக்கு விசையின் பளு இவ்வளவேனும் இருத்தல் வேண்டும் என்ற உலகக் கட்டுப்பாடு இல்லை. சென்னையிற் பிறந்த ககன் நாரங் 2012-ஆம் ஆண்டு லண்டன் ஒலிம்பிக்கில் வெண்கலம் பெற்றதும், கடலூரிற் பிறந்த இளவேனில் வாலறிவன் 2019-இல் ரியோ உலகக் கோப்பையில் தங்கம் பெற்றதும் இவ்வகைப் போட்டியிலேயே. அங்கே ஒரு குண்டுக்கு ஒரு நிமிடத்தை ஒட்டிய அவகாசம் கிடைக்கிறது. மூச்சை அடக்கி, மனத்தை ஒருமுகப்படுத்தி, விரலை மெல்ல வைப்பதற்குப் போதிய காலம் உண்டு.

விரைந்து சுடும் போட்டிகளின் இயல்பு வேறு. 25 மீட்டர் விரைவுப் பிஸ்டல் போட்டியில் ஐந்து இலக்குகளை நோக்கி ஐந்து குண்டுகளை முதலில் 8 வினாடிகளிலும், அடுத்து 6 வினாடிகளிலும், முடிவில் 4 வினாடிகளிலும் சுட வேண்டும். 2012-இல் நம் நாட்டு விஜய் குமார் வெள்ளிப் பதக்கம் வென்றது இப்போட்டியில்தான். இவ்விளையாட்டில் விசையின் பளு 1,000 கிராமுக்குக் குறையலாகாது என்பது விதி. பனிச்சறுக்கிலே விரைந்து வந்து, இதயம் படபடக்க ரைபிளால் ஐந்து இலக்குகளைச் சுடும் பயத்லான் போட்டியில் 500 கிராம் குறைந்த அளவாகும். அமெரிக்க நாட்டில் படைத்துறை ரைபிள்களைக்கொண்டு, அமர்ந்த நிலையில் 60 வினாடிகளில் பத்துக் குண்டுகள் சுடும் போட்டியில், நாலரைப் பவுண்டு, அதாவது ஏறத்தாழ இரண்டு கிலோ என்ற வரம்பு நெடுங்காலம் நடைமுறையில் இருந்தது.

விரைவு வேண்டிய இடத்தில் பளுவை ஏன் கூட்டினர்? காரணம் எளிது. விரையும் விரல் நுட்பத்தை இழக்கிறது. குளிர்ந்த விரலும், வியர்த்த விரலும், பதைக்கின்ற விரலும் ஐம்பது கிராம் விசையை உணர மாட்டா. தொட்டதை அறியுமுன் குண்டு வெளியேறிவிடும். விரலுக்குப் புலப்படும் எதிர்ப்பு ஒன்று இருந்தால்தான், சுடுபவர் தாம் எந்நிலையில் இருக்கிறார் என்பதை அறிவார்.

இனி விசையின் வகைகளைக் காண்போம். ஒருநிலை விசை, இருநிலை விசை என இரண்டு உண்டு. ஒருநிலை விசையில் விரல் பட்டவுடனே முழு எதிர்ப்பும் தெரியும். அழுத்தம் போதிய அளவை எட்டியதும் கொக்கி விடுபடும். இருநிலை விசையிலோ முதலில் சிறிது தூரம் இலேசாக நகர்ந்து, பிறகு சுவரில் முட்டியதுபோல் நிற்கும். அங்கிருந்து மேலும் அழுத்தினால்தான் குண்டு புறப்படும். லீ-என்ஃபீல்டு ரைபிளும், ஈசாப்பூர்த் தொழிற்சாலையில் அதன் வழியிற் செய்யப்பட்ட ரைபிள்களும் இருநிலை விசை உடையவை. 1914-க்கு முன் பிரிட்டிஷ் படையினர் அத்துப்பாக்கியால் ஒரு நிமிடத்தில் பதினைந்து குண்டுகள் குறிபார்த்துச் சுடப் பழகினர். அதன் விசை இலேசானது அன்று. ஆயினும், குறி இலக்கை நோக்கித் திரும்பிவரும் நேரத்திலேயே விரல் முதல் நிலையைக் கடந்து சுவரில் வந்து நிற்கும். குறி பொருந்தியதும் எஞ்சியிருப்பது ஒரு சிறு அழுத்தமே. பளுவை இரண்டாகப் பங்கிட்டதால் காலமும் மிச்சமாயிற்று, காவலும் கிடைத்தது.

ஆதலால் விரைவுப் போட்டிக்கும் பயிற்சிக்கும் புதியவர் ஒருவர் ரைபிள் தேர்ந்தெடுத்தால், இருநிலை விசையையே முதலில் நாடுவது நன்று. நன்கு பழகிய பின் ஒருநிலை விசையைச் சிலர் விரும்பக்கூடும். அது அவரவர் கையின் இயல்பு. எவ்வகையாயினும் நான்கு செய்திகளை ஆராய்ந்து பார்த்தல் வேண்டும். முதலாவது, பத்து முறை இழுத்தாலும் பத்து முறையும் ஒரே இடத்தில், ஒரே பளுவில் கொக்கி விடுபடுகிறதா? இரண்டாவது, இழுக்கும்போது மணலில் உரசுவதுபோன்ற சொரசொரப்பு இன்றிச் செல்கிறதா? மூன்றாவது, கொக்கி விடுபட்ட பின் விசை வீணே பின்னோக்கி ஓடாமல் நிற்கிறதா? நான்காவது, விரலைத் தளர்த்தியதும் ஐயத்திற்கு இடமின்றித் தன் நிலைக்கு மீள்கிறதா? இந்நான்கும் அமைந்த ஒன்றரைக் கிலோ விசை, இவை அமையாத அரைக் கிலோ விசையைவிடப் பன்மடங்கு மேலானது. இலேசாக இருப்பதினும் மாறாதிருப்பதே விசைக்குப் பெருமை.

பயிற்சி பற்றியும் ஒரு சொல். போட்டியில் ஒரு விசையும் பயிற்சியில் வேறொரு விசையும் வைத்துக்கொள்வது, கற்ற பாடத்தை நாள்தோறும் அழிப்பதாகும். தோட்டாவின்றி விசையை இழுத்துப் பழகுவதே பயிற்சியின் பெரும்பகுதி. குழலின் மேல் ஒரு நாணயத்தை நிறுத்தி, அது விழாமல் விசையை இழுக்கப் பழகலாம். இதில் தேர்ந்தபின் விரைவு தானே வரும். ஒவ்வொரு முறையும் தோட்டா இல்லை என்பதைக் கண்ணாலும் கையாலும் உறுதி செய்துகொள்ளுதலும், வெற்றாக இழுத்தல் அவ்வகைத் துப்பாக்கிக்குத் தீங்கற்றதா என்று பயிற்றுநரிடம் கேட்டறிதலும் இன்றியமையாதவை.

நம் தீவுகளுக்கே உரிய ஓர் இடையூறும் உண்டு. ஆண்டுதோறும் ஏறத்தாழ 3,000 மில்லிமீட்டர் மழை. எந்நேரமும் உப்புக் காற்று. விசையின் உள்ளுறுப்புகளில் கண்ணுக்குத் தெரியாத துரு ஏறினாலும் நேற்றிருந்த பளு இன்றிராது. துருவுக்கு அஞ்சி எண்ணெயை ஊற்றினாலோ, தூசி படிந்து அதுவே பசையாகிறது. துடைத்த பின் எஞ்சும் மெல்லிய எண்ணெய்ப் படலமே போதுமானது. மேலும், ஒரு சிறு வில் முறிந்தால் அது ஆயிரம் கிலோமீட்டருக்கும் அப்பாலிருந்து கடல் கடந்து வரவேண்டும். ஆகவே பல திருகுகளும் நுண்ணிய உறுப்புகளும் கொண்ட விலையுயர்ந்த விசையைவிட, எளிய அமைப்பும் உறுதியும் உடையதே இவ்விடத்துக்குப் பொருந்தும். ஒரே துப்பாக்கியைப் பலர் பகிர்ந்து பழகும் இடத்தில் இது இன்னும் உண்மை. ஒருவர் தம் கைக்கேற்ப விசையைத் தளர்த்திவிட்டுச் சென்றால், அடுத்து எடுப்பவர் அதை அறியாமலே தொடுவார். விசையைத் திருத்தும் உரிமை தேர்ந்த பணியாளர் ஒருவருக்கே இருத்தல் வேண்டும். அவரும் திருத்தியபின் பளுவைச் சோதித்துக் குறித்துவைத்தல் வேண்டும். குழலைச் செங்குத்தாக நிறுத்தி, விசையில் எடைக் கல்லைத் தொங்கவிட்டுத் தூக்கிப் பார்ப்பதே அச்சோதனை. கல்லைத் தாங்கிக் கொக்கி நழுவாமல் நின்றால் விசை தேறியது.

1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் துப்பாக்கிக்கு உரிமம் கேட்கிறது. அதனைத் தொடும் விரலுக்கு உரிமம் வழங்குவது ஒழுக்கம் ஒன்றே. குழல் இலக்கை நோக்கும் வரையில் விரல் விசைக் காப்பு வளையத்துக்கு வெளியே இருத்தல் வேண்டும். இப்பழக்கம் வேரூன்றாதவர்க்கு எந்த விசையும் ஏற்றதன்று. வேரூன்றியவரோ, தம் விரல் நம்பக்கூடிய விசையைத் தேர்ந்தெடுத்து, அதனை மாற்றாது, நாள்தோறும் பழகுவாராக. விரைவு அவரைத் தேடி வரும்.