போக்கிடம்

(அசோக் நகர்க் கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



நான் கவிதை எழுதுகிறவன். வயிற்றுப்பாட்டுக்கு வங்கியில் குமாஸ்தா. ஆற்றங்கரைக் குடிசையிலிருந்து பெரும்பாக்கத்துக்குத் தூக்கியெறியப்பட்ட ஒரு அம்மா, போன வருஷம் என் கவுண்ட்டருக்கு வந்தாங்க. “பொண்ணு ஜெயில்ல இருக்கா சார். ஏழு மாசம். கோர்ட்டுல ஜாமீன் குடுத்துட்டாங்க. கையெழுத்துப் போடத்தான் ஆள் இல்ல. பேங்க்ல ஏதாச்சும் சீட்டு தருவீங்களா?” கணக்கில் இருந்தது நானூறு ரூபாய். நானூறு ரூபாய்க்கு வங்கி என்ன சீட்டு தரும்?

சட்டம் இல்லையா? இருக்கு. ஆர்.டி. உபாத்யாய் வழக்கில் 2006 ஏப்ரலில் உச்சநீதிமன்றம் சொன்னது: பேறுகாலக் கவனிப்புக்கும் பிரசவத்துக்கும் குறைந்தபட்ச வசதி உண்டா என்று உறுதி செய்யாமல் கர்ப்பிணியைச் சிறைக்கு அனுப்பக்கூடாது. மாவட்ட அரசு மருத்துவமனையில் பரிசோதித்து, பிரசவ நாளைக் கணிக்க வேண்டும். பிறப்புச் சான்றில் சிறையின் பெயர் வரக்கூடாது. முடிந்தவரை வெளியே பிரசவிக்கத் தற்காலிக விடுதலை தர வேண்டும் — அவளுக்குத் தகுந்த போக்கிடம் இருந்தால்.

அந்த ‘இருந்தால்’தான் நம்ம கழுத்தில் விழும் சுருக்கு. போக்கிடத்தைப் பிடுங்கியது யார்?

2010இல் ஐ.நா. ஏற்ற பாங்காக் விதிகள், பிரசவ வலியிலும் பிரசவத்திலும் உடனடுத்தும் விலங்கிடக் கூடாது என்கின்றன. எழுதி வைக்க வேண்டிய நிலை இருந்தது என்பதே கேவலம். 2020இல் கர்ப்பிணியான சஃபூரா ஸர்கருக்கு ஜாமீன் கூடாது என்று வாதாடிய டெல்லி போலீஸ், பத்து வருஷத்தில் திகார் கைதிகளுக்கு 39 பிரசவம் நடந்திருக்கிறது என்று பெருமையாகக் கணக்குக் காட்டியது. பலரும் குரல் கொடுத்தார்கள். ஜூன் 23 அன்று ஜாமீன் கிடைத்தது. பெயர் தெரியாத நம்ம பெண்ணுக்கு யாரு பேசுவா?

2022 முடிவில் நாட்டுச் சிறைகளில் 1,537 தாய்மார்களோடு 1,764 குழந்தைகள். மொத்தக் கைதிகளில் நான்கில் மூன்று பேர் தீர்ப்பே வராதவர்கள். ஐந்தில் ஒருவருக்கு மேல் தலித்துகள்.

1928இல் பம்பாய் சட்டசபையில் பேறுகால உதவி மசோதாவுக்காக அம்பேத்கர் பேசினார். அவர் வாங்கித் தந்த உரிமையில் சம்பளம் வாங்குகிறவன் நான். அன்னிக்கு என் பையில் சம்பளச் சீட்டு இருந்தது. நான் ஜாமீன் நிற்கல. பயம். அந்த அம்மா திரும்பி நடந்ததை இன்னும் பார்த்துக்கிட்டிருக்கேன்.

ஆகவே ஒன்றே ஒன்று கேட்கிறேன். சம்பளச் சீட்டு உள்ளவர்கள் ஜாமீன்தாரர் பட்டியலில் பெயர் எழுதுங்கள். முதல் பெயர் என்னுடையது.