கொள்வோரே கொடுப்போர்



ஊருக்கு ஒரே கிணறு. கிணற்றுக்குரியவன் கயிற்றை எடுத்துக்கொண்டு போய்விட்டால் ஊர் முழுதும் நாவறண்டு நிற்கும். இணையத்தின் வழியே நூலும் பாட்டும் படமும் வழங்கப்பெறும் பொதுமுறை இத்தகையதே. வழங்கி எனப்படும் ஒரு கணினி கொடுக்கும், ஆயிரவர் கொள்வர். கொள்வோர் மிகுந்தால் அது திணறும்; உடையவர் அதனை மூடிவிட்டால் யாவர்க்கும் ஒருங்கே கதவு அடைபடும்.

இம்முறையை மாற்ற எழுந்த முயற்சிகளுள் முதலிற் பெரும்புகழ் பெற்றது, அமெரிக்காவில் 18 அகவை இளைஞராயிருந்த சான் பேன்னிங்கு என்பார் 1999 சூன் திங்களில் வெளியிட்ட நாப்சுடர். பாட்டுகள் மக்களின் தத்தம் கணினிகளிலேயே கிடந்தன. எப்பாட்டு எவரிடம் உள்ளது என்னும் பட்டியல் மட்டும் நாப்சுடரின் நடுவத்தில் இருந்தது. இசைத்தட்டுக் குழுமங்கள் அவ்வாண்டு திசம்பரிலேயே வழக்குத் தொடுத்தன. 2001 சூலையில் அவ்விணைப்பு நின்றது. பாட்டுகளெல்லாம் வீடுதோறும் இருந்தபடியே இருந்தன; பட்டியல் போயிற்று, பகிர்வும் போயிற்று. தலை ஒன்றாயின் வெட்டுவதும் எளிது.

அதே சூலையில் பிராம் கோயன் என்னும் மற்றோர் அமெரிக்கர் பிட்டாரண்டு என்னும் நெறிமுறையை வெளியிட்டார். அதன் நுட்பம் பள்ளியாசிரியர் எவர்க்கும் எளிதில் விளங்கும். கட்டு அவிழ்ந்த நூற்படி ஒன்று; அதன் ஏடுகள் நாற்பது; படியெடுக்க வேண்டிய மாணாக்கர் நாற்பதின்மர். ஒருவன் முழுநூலையும் எழுதி முடிக்கும்வரை மற்றையோர் வாளா இருப்பது பழைய முறை. ஆளுக்கோர் ஏடாகக் கொடுத்து, எழுதியதை எழுதியவுடன் ஒருவர்க்கொருவர் மாற்றிக்கொள்ளச் செய்வது கோயன் முறை. கோப்பு சிறுசிறு துண்டுகளாகப் பகுக்கப்படும். 2,62,144 பைட்டு கொண்ட துண்டே ஒருகாலத்துப் பெருவழக்கு. ஒரு துண்டைப் பெற்றவர், பெற்ற அந்நொடியே அத்துண்டுக்குக் கொடையாளர் ஆகிறார். ஆகவே கொள்வோர் பெருகப் பெருகக் கொடுப்போரும் பெருகுவர். கிணறு, இறைக்க இறைக்க ஊறுகின்றது.

யார் யார் இணைந்துள்ளனர் என்று சொல்லத் தொடக்கத்தில் ஒரு வழிகாட்டிக் கணினி வேண்டியிருந்தது. 2005 முதல் அப்பட்டியலையும் கொள்வோரே தமக்குள் பகுத்து வைத்துக்கொள்ளும் ஏற்பாடு வந்தது. நாப்சுடரைச் சாய்த்த குறை அவ்வாறு நீங்கிற்று.

முன்பின் அறியாதவர் தரும் துண்டை நம்பலாமா? நம்ப வேண்டுவதில்லை. ஒவ்வொரு துண்டுக்கும் கணக்கிட்டு எடுத்த 20 பைட்டு அடையாளக்குறி முன்னரே தரப்பட்டிருக்கும். ஓரெழுத்துப் பிறழ்ந்தாலும் குறி பொருந்தாது, துண்டு தள்ளப்படும். ஏடெழுதினோர் கைப்பிழையால் பாடவேறுபாடுகளிடையே உழன்ற நம் பதிப்பாசிரியர்கட்கு இத்தகைய குறி ஒன்று வாய்த்திருப்பின் எத்துணைப் பாடு குறைந்திருக்கும்!

இந்நெறிமுறையுள் தமிழர் நின்று எண்ணத்தக்க விதி ஒன்றுண்டு. எத்துண்டு மிகச் சிலரிடமே உள்ளதோ அதனையே முதலிற் படியெடுக்க வேண்டும் என்பது அது. பலரிடம் உள்ளது காத்திருக்கும். அரியது காத்திராது, அதனை வைத்திருப்பவர் எந்நொடியும் கணினியை அணைத்துவிட்டுப் போகக்கூடும். 1981 மே 31 நள்ளிரவை ஒட்டி யாழ்ப்பாணப் பொதுநூலகத்துக்குத் தீ வைக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் ஓரிடத்தே இருந்தன. எரித்தோர் கொடுமை என்றும் கொடுமையே. ஆயினும் அங்கிருந்த அரிய சுவடிகட்கு ஊர்தோறும் ஒரு படி இருந்திருப்பின், ஒரு தீயால் அவை உலகை விட்டே போயிரா.

மற்றொரு விதி கைம்மாறு. ஒவ்வொரு கணினியும் தனக்கு மிகுதியாகத் தருவோர் சிலரைத் தெரிந்து அவர்க்கே தரும். 10 நொடிக்கொருமுறை அத்தெரிவை மீளப் பார்க்கும். புதிதாய் வந்தவரிடம் கொடுக்க ஒன்றும் இராதே! அதற்காக 30 நொடிக்கொருமுறை, கைம்மாறு கருதாது எவரேனும் ஒருவர்க்கு வாய்ப்பளிக்கும். முழுக்கோப்பையும் பெற்ற பின்னும் கொடுத்துக்கொண்டிருப்பவரை ஆங்கிலேயர் தம் மொழியில் விதைப்பவர் என்கின்றனர். கொண்டவுடன் நழுவுபவரை அட்டை என்கின்றனர். இரண்டும் தமிழில் அப்படியே பொருந்துகின்றன. புதுச்சொல் ஆக்கும் பாடுகூட இல்லை.

இவ்வழியிற் பிறர் உழைப்பைத் திருடுவோர் பலர். திரைப்படங்களும் பாட்டுகளும் நாளும் களவு போகின்றன. களவு களவே, அதற்காகக் கருவியைப் பழித்தல் பொருந்தாது. லினக்சு இயங்குதளங்கள் இவ்வழி வழங்கப்பெறுகின்றன. அமெரிக்காவின் இணைய ஆவணக் காப்பகம் 2012 முதல் தன் நூல்களை இவ்வழியும் தருகின்றது. பாவாணர் நூல்கள் தமிழ்நாட்டரசால் நாட்டுடைமையாக்கப்பட்டவை. அவற்றைப் படியெடுத்து விதைப்பவரை எவ்வழக்கும் தொடாது.

கொடுப்போர் அனைவரும் போய்விட்டால் என்னாகும்? நூற்றுவர் கையில் நூலின் 99 விழுக்காடு இருக்கும். எஞ்சிய ஒரு துண்டு எவரிடமும் இராது. நூற்றுவரும் திங்கட்கணக்கிற் காத்துக் கிடப்பர். ஒருநாள் எங்கோ ஓரூரில், அத்துண்டை வைத்திருக்கும் ஒருவர் தம் பழங்கணினியை இயக்குவார். சில மணித்துளிகளில் நூற்றுவர்க்கும் நூல் முழுமையாகும்.