விடிந்ததும் மறையும் கனவு

மட்டக்களப்பு வாவியின் மேற்கே, வலையிறவுப் பாலத்தைக் கடந்தால் வவுணதீவு. படுவான்கரை எனப்படும் அந்நிலத்தில், வேளாண்மைக் காலத்து இரவுகளில் யானைக்கு அஞ்சி உழவர் வாடியிலும் பரணிலும் காவலிருத்தல் வழக்கம். அங்கே ஒரு வீட்டைக் கற்பனை செய்துகொள்ளலாம். விடியலில் வீடு திரும்பும் கணவன், தான் கண்ட கனவுகளை ஒன்றன்பின் ஒன்றாகச் சொல்லுகிறான். வீட்டிலே அயர்ந்து உறங்கிய மனைவிக்கோ கனவு கண்ட நினைவு மாத்திரம் இருக்கிறது. இறந்துபோன மகன் வந்தான்; ஏதோ சொன்னான்; சொன்னது என்னவென்று தெரியவில்லை. பிள்ளையின் வார்த்தையைத் தாய் மறக்கலாமா என்று அவள் தன்னையே நொந்துகொள்ளுகிறாள். போரிலும் 2004ஆம் ஆண்டின் கடற்கோளிலும் பிள்ளைகளைப் பறிகொடுத்த தாய்மார் பலர் வாழும் மாவட்டத்தில், இவ்வருத்தம் ஒரு வீட்டுக்கு மட்டும் உரியதன்று.

அத்தாய் மறந்தாள் என்பதே பொருந்தாது. அவள் உள்ளத்தில் அக்கனவு பதியவேயில்லை எனலே சரி.

1953ஆம் ஆண்டில், சிக்காகோப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அசெரின்ஸ்கி, கிளைட்மன் என்னும் இருவர், உறங்குவோரின் மூடிய இமைகளுக்குள்ளே விழிகள் விரைந்து அசையும் வேளைகள் உண்டென்பதை வெளியிட்டனர். ஏறத்தாழ 90 நிமிடத்துக்கு ஒருமுறை அவ்வேளை வருகிறது. 1957இல் வெளிவந்த ஆய்வொன்றில், அந்நேரத்தில் எழுப்பப்பட்டவர்கள் நூற்றுக்கு 80 முறை கனவை எடுத்துரைத்தனர். விழியசைவு ஓய்ந்து சில நிமிடங்கள் சென்றபின் எழுப்பியபோதோ, பெரும்பாலும் ஒன்றும் எஞ்சியிருக்கவில்லை. தமக்குக் கனவே வருவதில்லை என்று பெருமை பேசுவோரும் கனவு காண்பவரே எனலாம்.

நினைவைப் பதிப்பதற்கு மூளைக்குத் துணைபுரியும் பொருள்களுள் ஒன்று நோரட்ரினலின். கனவு மிகுந்த அவ்வுறக்கத்திலே அது மிகவும் குறைந்துவிடுகிறது. எழுதுகோல் ஓடுகிறது, மை இல்லை. உறக்கத்தின்போது சில நரம்புக் கலங்கள் நினைவை அழிக்கவும் உதவுகின்றன என்பதை 2019இல் யப்பானிய ஆய்வாளர் எலிகளிடத்தே கண்டனர். எலியிடம் கண்டதை மனிதர்மேல் அப்படியே ஏற்றிச் சொல்லுதல் ஆகாது.

அவ்வாறாயின் கணவனுக்கு மட்டும் நினைவிருப்பது எவ்வாறு? கனவை மிகுதியாக நினைவுகூர்வோர் இரவில் மற்றவரிலும் கூடுதலான நேரம் விழித்திருப்பவர் என்பது பிரான்சு நாட்டு லியோன் நகர ஆய்வாளர் கண்ட முடிபு. கிளை முறியும் ஓசைக்கெல்லாம் திடுக்கிட்டு எழும் காவற்காரன் கனவைக் கையோடு பிடித்துவிடுகிறான். மனைவிக்கோ கண் திறந்ததும் அடுப்பு, கோழிக்கூடு, மகளின் பள்ளிக்கூடம் என்று எண்ணம் ஓடத் தொடங்குகிறது. அந்த ஒரு நிமிடத்தில் கனவு கரைந்துபோகிறது.

கணிதமேதை இராமானுசன், குருதி பெருகும் திரையொன்றில் ஒரு கை கணிதம் எழுதக் கனவு கண்டதாகவும், விழித்தவுடனே அதைத் தாளில் எழுதிக்கொண்டதாகவும் கூறியதுண்டு. மட்டக்களப்பார் வைகாசியிலே குளிர்த்தி பாடி வணங்கும் கண்ணகியும், சிலப்பதிகாரத்தில் தன் தீக்கனவைத் தேவந்தியிடம் எடுத்துரைக்கிறாள். அச்சமூட்டும் கனவு எளிதிற் கலையாது. வாய்விட்டுச் சொன்ன கனவோ இன்னும் நெடுநாள் நிற்கும்.

மகன் மறுமுறை வரும் விடியலில் அத்தாய் உடனே எழும்பாமலும் புரளாமலும் கண்மூடிக் கிடக்கட்டும். எஞ்சியிருப்பது அவன் சட்டையின் நிறமொன்றே ஆயினும், அதைப் பற்றிக்கொண்டு பின்னோக்கிச் செல்லட்டும். கணவன் பரணிலிருந்து வரும்வரை காத்திருந்தால் காலம் பிந்திவிடும். அருகிற் படுத்திருக்கும் மகளைத் தொட்டெழுப்பி அவளிடமே சொல்லிவிடலாம்.