கை விறைத்தால் காத்திருக்க வேண்டாம்

பெரகல மலையில் கொழுந்து பறித்த நம் அம்மாமார் நடுச்சாமத்தில் எழும்பிக் கையை உதறியது நினைவிருக்கிறதா? "குளிர்" என்று சொல்லிப் படுத்துக்கொள்வார்கள். மணிக்கட்டில் நரம்பு நெரிபட்டாலும் இப்படித்தான் இருக்கும்: பெருவிரல், சுட்டுவிரல், நடுவிரல் விறைக்கும், சின்னவிரல் தப்பிவிடும். நீரிழிவு, தைரொயிட் குறைபாடு, கர்ப்பம் ஆகியவற்றாலும் வரும். இரவில் மணிக்கட்டை நேராக வைக்கும் பட்டி உதவும். கோப்பை கைநழுவினால், பெருவிரலடிச் சதை வற்றினால், உடனே கிளினிக்குக்குப் போங்கள். தாமதித்தால் பலம் திரும்பாமலே போகலாம். திடீரென ஒரு கை விறைத்து, வாய் கோணி, பேச்சுக் குழறினால் அது பக்கவாதமாக இருக்கலாம். இலங்கையில் 1990க்கு அழைத்தால் அம்புலன்ஸ் இலவசமாக வரும். அடுத்தமுறை ஊருக்கு வரும்போது அம்மாவின் கையைப் பிடித்துப் பாருங்கள். விறைக்கிறதா என்று கேளுங்கள்.