வெட்டிய காசு போய்ச் சேர்ந்ததா?

(தோட்டத் தலைவர்கள், மாதர் தலைவிகளுக்கான பயிற்சி வகுப்பில் ஆற்றிய உரை)



இன்று நாம் பேசப்போவது ஊழியர் சேமலாப நிதியையும் ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதியையும் பற்றி. தோட்டத்தில் எல்லோரும் ஈ.பி.எப்., ஈ.டி.எப். என்றுதான் சொல்கிறோம். இங்கேயும் அப்படியே சொல்லிக்கொள்வோம்.

சம்பளத்தைப் பற்றிக் கூட்டம் போட்டால் இடம் போதாமல் போகிறது. ஈ.பி.எப். என்றால் ஓய்வு பெறப் போகிறவர்கள் மட்டும் வருகிறார்கள். காரணம் நமக்குத் தெரிந்ததுதான். சம்பளத்தில் ஒரு பேர் குறைந்தால் சம்பள நாளன்றே தெரிந்துவிடும், அன்றே ஆபீஸ் வாசலில் நின்று கேட்போம். ஈ.பி.எப்.பில் ஒரு மாதம் குறைந்தால் அது தெரியவர இருபது, முப்பது வருடம் ஆகும். அப்போது கேட்பதற்கு அந்தத் துரையும் இருக்கமாட்டார், கிளாக்கரும் இருக்கமாட்டார். அதனால் இதை இருபது வயதிலேயே கேட்கப் பழக வேண்டும்.

முதலில் கணக்கைப் பார்ப்போம். ஈ.பி.எப். 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டத்தின்படி நடப்பது. நம்முடைய சம்பளத்தில் 8 வீதத்தை வெட்டுகிறார்கள். அதற்கு மேல் தோட்ட நிர்வாகம் தன் பணத்திலிருந்து 12 வீதம் போட வேண்டும். இரண்டும் சேர்ந்து 20 வீதம். ஈ.டி.எப். 1980ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கச் சட்டம். அதற்கு நிர்வாகம் மட்டும் 3 வீதம் போட வேண்டும், நம்மிடமிருந்து ஒரு சதமும் வெட்ட முடியாது.

ஒருவருடைய மாதச் சம்பளம் 30,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். அவரிடம் வெட்டுவது 2,400 ரூபாய். நிர்வாகம் போட வேண்டிய ஈ.பி.எப். 3,600 ரூபாய், ஈ.டி.எப். 900 ரூபாய். மொத்தம் 6,900 ரூபாய் அவர் பெயரில் சேர வேண்டும். இதில் அவர் கண்ணுக்குத் தெரிவது சம்பளச் சீட்டில் வெட்டிய 2,400 மட்டும்தான். மற்ற 4,500 ரூபாய் நம் கைக்கு வராமலே போகிற பணம். போய்ச் சேர்ந்ததா என்பதைக் கடதாசியைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள முடியும்.

அந்தப் பணம் போகிற வழியைத் தெரிந்துகொள்ளுங்கள். செக்ரோலில் உங்கள் பேர் விழுகிறது. மாத முடிவில் ஆபீசில் சம்பளம் போடுகிறார்கள். பிறகு 'சி' படிவம் என்ற பட்டியலைத் தயாரிக்கிறார்கள். அதில் ஒவ்வொருவருடைய பெயர், அடையாள அட்டை இலக்கம், அங்கத்துவ இலக்கம், சம்பளம், 8 வீதம், 12 வீதம் எல்லாம் இருக்கும். பெரிய நிறுவனங்கள் இப்போது அதைக் கணினி வழியாக அனுப்புகின்றன. ஒரு மாதத்துக்குரிய பணம் அடுத்த மாதம் முடிவதற்குள் மத்திய வங்கியிலுள்ள நிதிக்குப் போய்ச் சேர வேண்டும். கணக்கை வைத்திருப்பது மத்திய வங்கி. சட்டத்தை நடைமுறைப்படுத்துவது தொழில் திணைக்களம். ஈ.டி.எப்.புக்குத் தனியாக ஒரு சபை இருக்கிறது.

இந்த வழியில் நம்முடைய பணம் மூன்று இடத்தில் தவறுகிறது.

முதலாவது, வெட்டுவார்கள், அனுப்பமாட்டார்கள். அல்லது பல மாதம் கழித்து அனுப்புவார்கள். கொழுந்து விலை குறைந்தது, கையில் காசு இல்லை என்று காரணம் சொல்வார்கள். தோழர்களே, அந்த 8 வீதம் நிர்வாகத்தின் பணம் அல்ல. அது நாம் வேலை செய்து சம்பாதித்த கூலி. பிந்தினால் மேலதிகக் கட்டணம் கட்ட வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. அது 5 வீதத்தில் தொடங்கி, பிந்தப் பிந்த 50 வீதம் வரை ஏறும். கட்டாத பணத்தை நீதவான் நீதிமன்றம் ஊடாக அறவிடவும் தொழில் ஆணையாளருக்கு அதிகாரம் இருக்கிறது. இன்னொன்று: சம்பளம் கொடுக்கும் நேரத்தில் 8 வீதத்தை வெட்டத் தவறிவிட்டு, பிறகு ஒரு நாள் மொத்தமாக வெட்டிக்கொள்கிறோம் என்று வந்தால் அதற்கு இடமில்லை. அந்தப் பங்கையும் நிர்வாகம்தான் கட்ட வேண்டும்.

ஒரு மாதம்தானே என்று விட்டுவிடாதீர்கள். இந்த நிதிக்கு வருடா வருடம் வட்டி சேர்கிறது. வருடத்துக்கு 9 வீதம் என்று வைத்துக் கணக்குப் போட்டால், இன்று சேராமல் போன 6,000 ரூபாய் இருபது வருடத்தில் 33,000 ரூபாய்க்கு மேல் வந்திருக்கும். வருடத்துக்கு இரண்டு மாதம் விடுபட்டால் எவ்வளவு போகும் என்று வீட்டில் படிக்கிற பிள்ளையிடம் கொடுத்துக் கணக்குப் போடச் சொல்லுங்கள். பள்ளிக்கூடத்தில் நூற்றுவீதக் கணக்கை நாங்கள் படிப்பிக்கிறோம். அது அப்பா அம்மாவின் சம்பளச் சீட்டுக்குப் பயன்படட்டும்.

இரண்டாவது, பணம் போகும், ஆனால் வேறு பெயருக்கு அல்லது வேறு இலக்கத்துக்குப் போகும். நம்முடைய தோட்டங்களில் இதுதான் அதிகம். செக்ரோலில் லெட்சுமி, பிறப்புச் சான்றிதழில் இலட்சுமி, அடையாள அட்டையில் அப்பா பெயர் ஒரு விதமாக, ஆபீஸ் பதிவில் இன்னொரு விதமாக இருக்கும். இங்கிலீசில் எழுதும்போது எழுத்துக்கு எழுத்து மாறும். அடையாள அட்டையிலும் பழைய இலக்கம் ஒன்பது எண்ணும் ஒரு எழுத்தும், 2016 முதல் வருகிற புதிய இலக்கம் பன்னிரண்டு எண். புதிய அட்டை எடுத்தவர்கள் அதை ஆபீசிலும் பதிவு செய்ய வேண்டும்.

நிர்வாகம் மாறும்போதும் இது நடக்கும். எழுபதுகளில் தோட்டங்களை அரசு எடுத்தது. 1992இல் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பெனிகள் நிர்வாகத்தைப் பொறுப்பேற்றன. நாம் அதே லயத்தில் இருந்து, அதே மலையில், அதே கூடையோடுதான் நின்றோம். ஆனால் தொழில்கொள்வோர் மாறினால் தொழில்கொள்வோர் இலக்கமும் மாறும், நமக்கும் புதிய அங்கத்துவ இலக்கம் வரும். ஒரே ஆளுக்கு இரண்டு மூன்று கணக்கு இருக்கலாம். முப்பது வருடத்துக்கு மேல் வேலை செய்த ஒரு அம்மாவுக்கு ஓய்வு பெறும்போது பின்னால் வந்த இலக்கத்துக்குரிய பணம் மட்டும் கிடைத்தது. முன்னைய இலக்கம் அவருக்கே தெரியாது. தகரப் பெட்டியின் அடியில் ஒரு பழைய 'பி' அட்டை கிடந்தது. அதை வைத்துத்தான் மிச்சத்தைக் கேட்டு எழுத முடிந்தது. அந்த அட்டை அடுப்புக்குப் போயிருந்தால் எழுதுவதற்கு நம்மிடம் ஒன்றும் இருந்திருக்காது.

மூன்றாவது, சம்பளத்தையே குறைத்துக் காட்டுவது. ஈ.பி.எப். எதற்குக் கணக்கிட வேண்டும் என்று சட்டத்தில் தெளிவாக இருக்கிறது. அடிப்படைச் சம்பளம், வாழ்க்கைச் செலவுப் படி, விடுமுறை நாளுக்குத் தரும் சம்பளம், துண்டுக் கணக்கில் தரும் கூலி எல்லாம் அதில் சேரும். மேலதிக நேரக் கொடுப்பனவு சேராது. தற்காலிகம், சமயாசமயம் என்று பெயர் வைத்து வேலைக்கு எடுத்தாலும், வேலைக்குச் சேர்ந்த முதல் நாளிலிருந்தே ஈ.பி.எப். உண்டு. "உங்களுக்குப் பேர் பதியவில்லை, கைக்காசுக்குத்தான் எடுக்கிறோம்" என்று சொல்லி மாதக்கணக்காக வேலை வாங்கினால் அதை எழுதி வைத்துக்கொண்டு சங்கத்துக்குச் சொல்லுங்கள். அன்றன்றைக்குக் காசைக் கையில் கொடுத்துவிட்டால் மட்டும் இந்தப் பொறுப்பு தீர்ந்துவிடாது.

இந்த இடத்தில் புதிதாக வருகிற ஒரு முறையைப் பற்றியும் சொல்ல வேண்டும். மலையைத் துண்டு துண்டாகப் பிரித்துத் தருகிறோம், நீங்களே பராமரித்துக் கொழுந்தைக் கொடுங்கள், கிலோவுக்குக் காசு தருகிறோம் என்கிறார்கள். மாதத்துக்குக் கூடுதலாகக் கிடைக்கும் என்று சொல்லும்போது ஆசை வருவது இயல்பு. ஆனால் அந்த ஒப்பந்தத்தில் நாம் தொழிலாளி என்று இல்லாமல் போனால் 12 வீதமும் 3 வீதமும் போய்விடும். 30,000 ரூபாய் சம்பளத்தோடு 4,500 ரூபாய் சேர்ந்தால் 34,500. கிலோக் கணக்கில் 34,500 ரூபாய் வந்தால்தான் பழைய நிலைக்குச் சமம். உரம், மருந்துச் செலவு அதற்குப் பிறகு.

சேவைக்காலப் பணமும் இதில் இருக்கிறது. 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டப்படி, ஐந்து வருடம் முடித்த நாட்சம்பளக்காரருக்கு வருடத்துக்கு 14 நாள் சம்பளம் என்ற கணக்கில் அது கிடைக்க வேண்டும். இவை எல்லாவற்றுக்கும் பதில் கிடைக்கும்வரை யாரும் கையெழுத்தோ கைநாட்டோ வைக்க வேண்டாம்.

பெண்களுக்குத் தனியாகச் சில விடயங்கள். ஈ.பி.எப். பணத்தை எடுக்கும் வயது பெண்களுக்கு 50, ஆண்களுக்கு 55. அதற்காக 50 வயதில் வேலையை விட வேண்டும் என்று யாரும் கட்டாயப்படுத்த முடியாது. 2021ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டத்தின்படி குறைந்தபட்ச ஓய்வு வயது 60. கல்யாணத்தை முன்னிட்டு வேலையை விடுகிற பெண்ணும் பணத்தை எடுக்கலாம். ஆனால் அந்தப் பணத்தில் சீர் செய்துவிட்டு, இரண்டு வருடம் கழித்து மறுபடி கூடை எடுப்பவர்களை எல்லாத் தோட்டத்திலும் பார்க்கிறோம். முதலிலிருந்து சேமிக்க வேண்டி வரும். வீட்டுப் பெரியவர்கள் இதை யோசித்துப் பேச வேண்டும்.

பின்னுரித்தாளர் பெயரையும் பாருங்கள். வேலைக்குச் சேரும்போது அப்பா பெயரைக் கொடுத்திருப்போம். அவர் இறந்து பல வருடம் ஆகியிருக்கும். அப்படியே விட்டுவிட்டு நமக்கு ஒன்று நடந்தால், கணவனோ மனைவியோ பிள்ளைகளோ ஒவ்வொரு அலுவலகமாக ஏறி இறங்க வேண்டும். ஆபீசில் கேட்டுப் படிவம் நிரப்பி மாற்றிவிடுங்கள்.

ஈ.டி.எப்.பை யாரும் பெரிதாக நினைப்பதில்லை. அதில் பணம் மட்டும் அல்ல, அங்கத்தவர் இறந்தால் காப்புறுதி, இருதய சத்திரசிகிச்சைக்கு உதவி, கண்ணுக்கு வில்லை வைக்க உதவி என்று பல இருக்கின்றன. ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சையில் சித்தியடையும் அங்கத்தவர் பிள்ளைகளுக்கும் உதவி உண்டு. 3 வீதம் ஒழுங்காகப் போய்ச் சேர்ந்திருந்தால் இவற்றைக் கேட்பதில் சிக்கல் வராது.

இனி நாம் செய்ய வேண்டிய வேலை.

ஒன்று, ஒவ்வொரு வீட்டிலும் ஒரு கொப்பி. மாதம், எத்தனை பேர், மொத்தச் சம்பளம், வெட்டிய 8 வீதம், சேர வேண்டிய 12 வீதம், 3 வீதம் என்று ஆறு கோடு போடுங்கள். சம்பளச் சீட்டை அந்தந்தப் பக்கத்திலேயே ஒட்டுங்கள். எழுதத் தெரியாத அம்மாமாருக்கு வீட்டுப் பிள்ளை எழுதித் தரட்டும்.

இரண்டு, கணக்குக் கூற்று. ஈ.பி.எப். கணக்கில் எவ்வளவு இருக்கிறது என்று காட்டும் கூற்று வந்தால் அதைக் கேட்டு வாங்கி, கொப்பியோடு மாதம் மாதமாக ஒப்பிடுங்கள். தோட்ட ஆபீசில் கட்டுக்கட்டாகக் கிடந்தால் தலைவர் போய் வாங்கிப் பிரித்துக் கொடுக்க வேண்டும். பதிவு செய்துகொண்டு இணையத்தில் பார்க்கும் வசதியும் இருக்கிறது. வாசிகசாலையில் ஒரு நாள் இளைஞர்கள் உட்கார்ந்தால் ஒரு லயத்துக்கே பார்த்துக் கொடுக்கலாம். இலக்கத்தையும் அடையாள அட்டையையும் வேறு ஆளிடம் விட்டுவிட்டு வரக் கூடாது.

மூன்று, பெயர் திருத்தம். பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, 'பி' அட்டை, சம்பளச் சீட்டு நான்கையும் ஒரு மேசையில் வைத்துப் பாருங்கள். ஒன்றுக்கொன்று வித்தியாசம் இருந்தால் வேலையில் இருக்கும்போதே ஆபீசுக்கு எழுதிக் கொடுத்துத் திருத்துங்கள். ஓய்வு பெற்ற பிறகு ஹற்றனுக்கும் நுவரெலியாவுக்கும் கொழும்புக்கும் பஸ் ஏறுவது உடம்புக்கும் கஷ்டம், காசுக்கும் கஷ்டம்.

நான்கு, குறை இருந்தால் எழுத்தில் கேளுங்கள். முதலில் தோட்ட நிர்வாகத்துக்கு ஒரு கடிதம், பிரதி ஒன்று நம்மிடம். பதில் இல்லாவிட்டால் பக்கத்திலுள்ள தொழில் அலுவலகத்தில் முறைப்பாடு. தொழில் உத்தியோகத்தருக்குத் தோட்டத்துக்கு வந்து பதிவேடுகளைப் பார்க்க அதிகாரம் இருக்கிறது. தனியாகப் போகப் பயம் என்றால் பத்துப் பேர் சேர்ந்து போங்கள். ஒருவருக்கு விடுபட்ட மாதம் பெரும்பாலும் அந்தப் பிரிவில் எல்லோருக்கும் விடுபட்டிருக்கும்.

"சங்கம் இருக்கிறதே, சங்கம் பார்த்துக்கொள்ளும்" என்று சிலர் சொல்கிறார்கள். சங்கம் பேசும், கடிதம் எழுதும், வழக்குக்கும் போகும். ஆனால் கையில் கடதாசி இல்லாமல் பேச்சுவார்த்தை மேசையில் உட்கார்ந்தால், "எங்கள் பதிவில் எல்லாம் சரி" என்ற ஒரு வார்த்தையோடு அனுப்பிவிடுவார்கள். அதே சம்பளச் சீட்டில் சங்கச் சந்தாவும் வெட்டப்படுகிறது. ஆகவே எங்களிடமும் கேளுங்கள்: நாங்கள் கொடுத்த முறைப்பாடு எந்த நிலையில் இருக்கிறது, யார் போய்ப் பார்த்தது, என்ன பதில் வந்தது என்று. அதற்குப் பதில் சொல்ல நாங்கள் கடமைப்பட்டவர்கள்.

அடுத்த மாதக் கூட்டத்துக்கு ஒவ்வொரு தலைவரும் தலைவியும் தங்கள் பிரிவில் பத்து வீட்டுச் சம்பளச் சீட்டையும் கணக்குக் கூற்றையும் ஒப்பிட்டு, விடுபட்ட மாதங்களை ஒரு தாளில் எழுதிக்கொண்டு வாருங்கள். கூற்று கிடைக்காதவர்கள் பெயரைத் தனியாக எழுதுங்கள். அந்தத் தாள்களை ஒன்றாகச் சேர்த்துத்தான் நிர்வாகத்தோடும் தொழில் திணைக்களத்தோடும் பேசப் போகிறோம்.