ராதெஸ் மைதானத்துல ஓடாத வி.ஏ.ஆர்

அரபு நாட்டு கிளப் ஃபுட்பால்னு சொன்னா இப்போ நம்ம வயசு ஆட்களுக்கு முதல்ல ஞாபகம் வர்றது ரொனால்டோ. 2022 டிசம்பர் கடைசில அல் நஸ்ர்ல சேர்ந்தார், அடுத்த வருஷமே பென்ஸிமா, நெய்மார்னு ஒரு வரிசை கிளம்பிப் போச்சு. 2023 ஆகஸ்ட்ல அரபு கிளப் சாம்பியன்ஸ் கப் ஃபைனல்ல அல் ஹிலாலுக்கு எதிரா ரொனால்டோ ரெண்டு கோல் அடிச்சு கப் வாங்கிக் கொடுத்தார். நம்ம ஃபீட்ல வந்தது அவ்வளவுதான். ஆனா அரபு கிளப் ஃபுட்பாலோட பழைய வீடு ரியாத் கிடையாது. கெய்ரோ, துனிஸ், காசாபிளாங்கா. இன்னைக்கு அந்தப் பக்கம் போறோம். அதுலயும் ஒரே ஒரு மேட்ச் பத்தித்தான் பேசப்போறேன். 2019 மே 31-ஆம் தேதி ஆரம்பிச்ச அந்த மேட்ச், பேப்பர்ல முடிய ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சு.

முதல்ல ஒரு சின்ன மேப். அரபு உலகம் ஃபுட்பால்ல ரெண்டா பிரிஞ்சு கிடக்கு. சவுதி, கத்தார், எமிரேட்ஸ், ஈராக் எல்லாம் ஆசியக் கூட்டமைப்பு. எகிப்து, துனிசியா, மொராக்கோ, அல்ஜீரியா, சூடான் எல்லாம் ஆப்பிரிக்கக் கூட்டமைப்பு, அதாவது காஃப். ரெண்டு பக்கத்து ஆட்களும் சந்திக்கிறதுக்குத்தான் நான் சொன்ன அந்த அரபு கப். ஆனா அது ஒழுங்கா வருஷா வருஷம் நடக்காது. சில வருஷம் நடக்கும், அப்புறம் காணாமப் போயிடும். அதனால வடக்கு ஆப்பிரிக்க கிளப்புகளுக்கு உயிர் காஃப் சாம்பியன்ஸ் லீக்தான். பேருதான் ஆப்பிரிக்கா, கப்பு பெரும்பாலும் அரபு கிளப் கைலதான் இருக்கும். கெய்ரோவோட அல் அஹ்லி மட்டும் 2024 வரைக்கும் 12 தடவை ஜெயிச்சிருக்கு. ஸமாலெக் 5. நம்ம கதைல வர்ற எஸ்பெரான்ஸ் 4, வைதாத் 3. காசாபிளாங்காலயே வைதாத்தோட ஜென்ம விரோதி ராஜா, அவங்களும் 3.

எஸ்பெரான்ஸ் துனிஸ் நகரத்து கிளப். பாப் ஸூயிகாங்கிற பழைய பகுதில, 1919 ஜனவரில ஆரம்பிச்சது. ஒரு காஃபி கடைல உக்காந்து பேசி ஆரம்பிச்சாங்க, அந்தக் கடையோட பேரையே கிளப்புக்கு வச்சுட்டாங்க. எஸ்பெரான்ஸ்னா பிரெஞ்சுல நம்பிக்கை. அரபில அவங்க ஊர்க்காரங்க தரஜ்ஜின்னு கூப்பிடுவாங்க, அதே அர்த்தம்தான். வைதாத் 1937. மொராக்கோ அப்போ பிரெஞ்சுக்காரங்க கைல இருந்துச்சு. நீச்சல்குளங்கள் ஐரோப்பியர்கள் பிடியில இருந்ததால உள்ளூர்ப் பசங்களுக்கு இடம் கிடைக்கல. அந்தக் கோபத்துல நீச்சலுக்கும் வாட்டர் போலோவுக்கும் ஆரம்பிச்ச கிளப், ஃபுட்பால் ரெண்டு வருஷம் கழிச்சுத்தான் வந்துச்சு. வைதாத்னா அன்பு. உம்மு குல்தூம் நடிச்ச ஒரு படத்தோட பேர்ல இருந்து வந்ததுன்னு ஒரு கதையும் சொல்வாங்க. நம்பிக்கைக்கும் அன்புக்கும் நடந்த ஃபைனல்னு யாராவது போஸ்டர் அடிச்சிருந்தா அழகா இருந்திருக்கும். நடந்தது அப்படி இல்ல.

2019 எஸ்பெரான்ஸோட நூறாவது வருஷம். போன வருஷத்து சாம்பியனும் அவங்கதான். அந்த 2018 ஃபைனலும் சாதாரணமா நடக்கல. முதல் லெக்ல அல் அஹ்லி 3-1 ஜெயிச்சது, அதுல ரெண்டு பெனால்டி, ரெண்டும் வி.ஏ.ஆர் சர்ச்சை. அல் அஹ்லி ஸ்ட்ரைக்கர் வலீத் அஸாரோ, ஃபவுல் மாதிரி தெரியணும்னு தன் ஜெர்சியைத் தானே கிழிச்சுக்கிட்டது கேமராவுல சிக்கி, அடுத்த லெக் ஆட முடியாமத் தடை வாங்கினார். ஜெர்சியைக் கிழிச்சதுக்கு சஸ்பென்ஷன், அந்த லெவல் நாடகம். ரெண்டாவது லெக் துனிஸ்ல எஸ்பெரான்ஸ் 3-0. ஆக, வி.ஏ.ஆர் மேல எல்லாருக்கும் ஏற்கெனவே ஒரு கண்ணு இருந்துச்சு.

2019-க்கு வருவோம். முதல் லெக் மே 24, ரபாத். 1-1. எஸ்பெரான்ஸுக்கு கூலிபாலி, வைதாத்துக்கு கடைசி பத்துப் பன்னிரண்டு நிமிஷம் இருக்கும்போது கொமாரா. நடுவுல வைதாத் அடிச்ச ஒரு கோலை ரெஃபரி வி.ஏ.ஆர்ல பார்த்து, கைல பட்டுச்சுன்னு ரத்து பண்ணார். வைதாத் கொதிச்சுப்போய் புகார் கொடுத்தாங்க. அந்த எகிப்து ரெஃபரி ஜிஹாத் கிரேஷாவுக்கு காஃப் ஆறு மாசத் தடை போட்டுச்சு. அப்போ வைதாத் ரெண்டாவது லெக்குக்கு எந்த மனநிலைல போறாங்க? "போன தடவை மெஷின் எங்களுக்கு எதிரா வேலை செஞ்சுச்சு. இந்தத் தடவை நாங்களும் கவனமாப் பார்ப்போம்."

மே 31, ராதெஸ் மைதானம், துனிஸ் பக்கம். காம்பியாவோட பக்காரி கஸாமா ரெஃபரி. வைதாத்தோட கோச் ஃபவ்ஸி பென்ஸர்த்தி ஒரு துனிசியாக்காரர். 1994-ல எஸ்பெரான்ஸுக்கு முதல் ஆப்பிரிக்கக் கோப்பையை வாங்கிக் கொடுத்த அதே மனுஷன்! 41-வது நிமிஷம், யூசுஃப் பெலாய்லி கோல். 1-0. 59-வது நிமிஷம், வலீத் எல் கார்ட்டி தலையால முட்டி உள்ள போட்டார். லைன்ஸ்மேன் கொடி மேல போச்சு. ஆஃப்சைடு.

டிவி ரீப்ளே பார்த்த நிறைய பேர் அது நல்ல கோல்தான்னு சொன்னாங்க. நின்னிருந்தா 1-1, ரெண்டு லெக்கும் சேர்த்து சமம், மேட்ச் மறுபடி திறந்துடும். வைதாத் பிளேயர்ஸ் ரெஃபரியைச் சுத்தி நின்னு, ஸ்கிரீனைப் போய்ப் பாருங்கன்னு கேட்டாங்க. அப்பத்தான் விஷயம் வெளிய வந்துச்சு. வி.ஏ.ஆர் வேலை செய்யல. நடுவுல கெட்டுப்போகல, மேட்ச் ஆரம்பிக்கிறப்பவே ஓடல.

ஒரு கண்டத்தோட கிளப் ஃபைனல் இது. முந்தின வாரம்தான் இதே டெக்னாலஜியால ஒரு ரெஃபரிக்குத் தடை விழுந்திருக்கு. நான் வேலை செய்யற இடத்துல ஒரு சின்ன பேமென்ட் பேஜ் மாத்தறதுக்கே, கிளிக் பண்றதுக்கு முன்னாடி ரெண்டு பேர் உக்காந்து செக்லிஸ்ட் ஓட்டுவோம். இங்க செக்லிஸ்ட்ல "ஓடல"ன்னு வந்திருக்கு, அதுக்கப்புறமும் புரொடக்‌ஷனுக்குப் போயிட்டாங்க. அதைக்கூட விட்டுடலாம். சிஸ்டம் டவுன் ஆகறது சகஜம். டவுன்னு யார் யாருக்குச் சொன்னீங்க? அதுதான் கேள்வி. எங்களுக்கு யாரும் சொல்லலன்னு வைதாத். ரெண்டு கேப்டனுக்கும் மேட்ச்சுக்கு முன்னாடியே சொல்லியாச்சுன்னு எதிர்த்தரப்பு. சொல்லியிருக்கலாம். ஆனா ஸ்டேடியத்துல இருந்த ஆயிரக்கணக்கான ஜனத்துக்கும், வீட்ல டிவி பார்த்த ஜனத்துக்கும் தெரியுமா? ஒரு சிஸ்டம் இருக்குன்னு நம்பி எல்லாரும் ஆடறப்போ, அது இல்லங்கிறதை ஒரு கேப்டன் காதுல மட்டும் போட்டா போதும்னு எனக்குத் தோணல.

வைதாத் மறுபடி ஆட வரமாட்டோம்னு நின்னுட்டாங்க. கிட்டத்தட்ட ஒன்றரை மணி நேரம். காஃப் தலைவர் அஹ்மத் அஹ்மத் கோட் சூட்டோட மைதானத்துக்குள்ள இறங்கி வந்து சமாதானம் பேசறார். ஒண்ணும் நடக்கல. கடைசில ரெஃபரி விசில் ஊதி முடிச்சுட்டார். எஸ்பெரான்ஸ் கப்பைத் தூக்கிட்டாங்க. பட்டாசு, புகை, எல்லாம்.

இப்போ கொஞ்சம் ரூல்புக். கிரிக்கெட் டி.ஆர்.எஸ் பார்த்துப் பழகின நமக்கு, டீம் கேட்டா ரிவ்யூ கிடைக்கணும்னு தோணும். வி.ஏ.ஆர்ல கிடையாது. பாக்கறதா வேண்டாமான்னு முடிவு ரெஃபரி கைல மட்டும்தான். இன்னொண்ணும் இருக்கு. வி.ஏ.ஆர் விதிமுறையிலேயே எழுதியிருக்கு, அந்த டெக்னாலஜி பழுதானதுக்காக ஒரு மேட்ச் செல்லாததா ஆகாதுன்னு. கருணையே இல்லாத வரி, ஆனா எழுதினவங்க புத்திசாலிங்க. மெஷின் எப்பவாவது படுக்கும்னு தெரிஞ்சு, படுத்தா பழைய முறைக்குத் திரும்புங்கன்னு முன்னாடியே சொல்லி வச்சிருக்காங்க. அதே ரூல்புக் பக்கம் நின்னா வைதாத் கேஸ் பலவீனம். கோல் அநியாயமாப் போயிருக்கலாம். ஆனா மைதானத்தை விட்டு வெளிய போற டீம் தோத்ததாத்தான் கணக்கு.

அதோட முடிஞ்சிருக்கணும். இங்கதான் காஃப் சொதப்புச்சு. ஜூன் 5-ஆம் தேதி பாரிஸ்ல அவங்க நிர்வாகக் குழு கூடி, ஆட்டத்துக்கும் பாதுகாப்புக்கும் தேவையான சூழல் அங்க இல்லைன்னு சொல்லி ஒரு முடிவு எடுத்துச்சு. ரெண்டாவது லெக் மறுபடி நடக்கணும், வேற ஒரு பொது நாட்டுல, ஆப்பிரிக்க நாடுகள் கோப்பை முடிஞ்ச பிறகு. எஸ்பெரான்ஸ் கப்பையும் மெடலையும் திருப்பிக் கொடுக்கணும். துனிஸ்ல கொந்தளிப்பு. அந்த நாட்டுப் பிரதமர் யூசுஃப் ஷாஹெதே ட்விட்டர்ல கண்டிச்சார். ரெண்டு கிளப்பும் லோசான்ல இருக்கிற விளையாட்டு நடுவர் நீதிமன்றத்துக்குப் போனாங்க.

ஜூலை 31-ல தீர்ப்பு. எனக்கு இந்தக் கதைலயே ரொம்பப் பிடிச்ச இடம் இது. கோல் சரியா, வைதாத் வெளிய போனது நியாயமா, மறு ஆட்டம் தேவையா, எதுக்குள்ளயும் கோர்ட் போகல. அவங்க சொன்னது ஒண்ணே ஒண்ணு: இந்த முடிவை எடுக்க நிர்வாகக் குழுவுக்கு அதிகாரமே இல்ல. அதுக்குன்னு காஃப்ல வேற அமைப்பு இருக்கு, அவங்க முடிவு பண்ணட்டும். எங்க பாஷைல சொன்னா, ரோல்பேக் பண்ணது சரியா தப்பான்னு பார்க்கவே இல்ல, ரோல்பேக் கமாண்ட் அடிச்ச ஆளுக்கு பெர்மிஷனே கிடையாதுன்னு சொல்லிட்டாங்க. கேக்க டெக்னிக்கலா இருக்கும். ஆனா யோசிச்சுப் பாருங்க. பெரிய மனுஷங்க நாலு பேர் ஒரு ஹோட்டல்ல உக்காந்து ஃபைனலை ரத்து பண்ண முடியும்னா, நாளைக்கு எந்த ஃபைனலும் பத்திரமில்ல.

ஆகஸ்ட்ல காஃபோட ஒழுங்கு நடவடிக்கைக் குழு முடிவு சொல்லிடுச்சு. வைதாத் ஆட்டத்தைக் கைவிட்டாங்க, எஸ்பெரான்ஸ் சாம்பியன். வெளிய போனதுக்கு வைதாத்துக்கு 20,000 டாலர் அபராதம், ரசிகர்கள் கொளுத்தின ஃபிளேருக்குத் தனியா 15,000. எஸ்பெரான்ஸுக்கு அவங்க ரசிகர்கள் ஃபிளேருக்காக 50,000. கூட்டிப் பாருங்க, ஜெயிச்ச டீமுக்குத்தான் அதிக அபராதம். ஃபைனலையே கைவிடறதை விட புகை விடறது காஸ்ட்லி! வைதாத் விடாம மறுபடி லோசான் வரைக்கும் போனாங்க. 2020 செப்டம்பர்ல அதுவும் தள்ளுபடி.

இதுல மெஷின் ஏன் ஓடலங்கிறதுக்காக யாருக்குத் தண்டனை கிடைச்சதுன்னு தேடினா, ரெண்டு கிளப்பும் கட்டின அபராதம்தான் கண்ணுக்குத் தெரியுது. எந்தப் பொருள் வரல, யார் செக் பண்ணல, யார் ஆரம்பிக்கலாம்னு சொன்னாங்கன்னு, எங்க ஆபீஸ்ல சின்ன அவுட்டேஜுக்கே எழுதற மாதிரி ஒரு போஸ்ட்மார்ட்டம் எல்லாரும் படிக்கற மாதிரி வந்திருக்கணும். தப்பு ரசிகன் மேலயும் பிளேயர் மேலயும் இறங்கிடுச்சு. வைதாத் வெளிய போனது தப்புதான், நான் மறுக்கல. ஆனா அவங்களை அந்த இடத்துல கொண்டு நிறுத்தினது யாரு?

விளைவுகள் வேற வழில வந்துச்சு. அந்த ஆகஸ்ட்ல இருந்தே ஃபிஃபா தன் பொதுச்செயலாளர் ஃபத்மா சமூராவை ஆறு மாசத்துக்கு காஃபை மேற்பார்வை பார்க்க அனுப்புச்சு. ஒரு கண்டத்துக் கூட்டமைப்புக்கு அது பெரிய அவமானம். அப்புறம் ரெண்டு லெக் ஃபைனலே வேண்டாம், ஐரோப்பா மாதிரி ஒரே மேட்ச்னு மாத்தினாங்க. 2020-ல கெய்ரோல அல் அஹ்லி - ஸமாலெக், ஒரே ஊர்க்காரங்க ஃபைனல்ல மோதினது, அல் அஹ்லி 2-1. கொரோனா காலம், அந்த மேட்ச்சைப் போய்ப் பாக்க கூட்டமே இல்ல. 2022-ல காசாபிளாங்கால ஃபைனல். அந்த ஊர் டீம் வைதாத்தே ஃபைனலுக்கு வந்துடுச்சு, எதிர்ல அல் அஹ்லி. பொது மைதானம்னு பேரு, ஸ்டேடியம் முழுக்க சிவப்புச் சட்டை. அல் அஹ்லி இது நியாயமான்னு சண்டை போட்டுப் பார்த்தாங்க, நடக்கல. வைதாத் 2-0, ரெண்டு கோலும் முதாராஜி. மூணு வருஷம் கழிச்சு கப்பு அவங்க கைக்கு வந்துச்சு. 2023-ல மறுபடி ரெண்டு லெக்குக்கே திரும்பிட்டாங்க, ஃபைனல்ல மறுபடி அதே ரெண்டு டீம், இந்தத் தடவை அல் அஹ்லி.

நேரம் கிடைச்சா எல் கார்ட்டியோட அந்த ஹெட்டரைத் தேடிப் பாருங்க. ஸ்லோ மோஷன்ல வேண்டாம், முதல்ல ஒரே ஒரு தடவை சாதா ஸ்பீடுல பாருங்க. அந்த லைன்ஸ்மேனுக்குக் கிடைச்சது அவ்வளவுதான். அப்புறம் நிறுத்தி நிறுத்திப் பாருங்க. அடுத்த எபிசோட்ல கெய்ரோ டெர்பி, அல் அஹ்லியும் ஸமாலெக்கும். சந்திப்போம்.